எட்டு வேளைச் சேனை

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார் தணிகாசலம்.
பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில்
இருபத்திரண்டு வருடம்,
ஒரு மெமோகூட வாங்கியதில்லையாம்.
கர்ச்சீப்பில் பொதிந்த வெள்ளிச் சங்கு,
சங்கில் சர்க்கரைத் தண்ணீர்.
"ஒரே சொட்டு சிஸ்டர்.
மாமன் கையால வச்சா மாமன் குணம் வரும்."

குணத்துக்கு நான் எதிரி இல்லை.
உள்ளே இருப்பது ஆயிரத்து நூற்று எண்பது கிராம்,
குடல் இன்னும் எதையும் கற்கவில்லை என்றேன்.
என்ன தண்ணீர் என்று கேட்டேன்.
"கேன் தண்ணி."
கேனை யார் கழுவினார்கள்?
அவர் சங்கைப் பார்த்தார்.
பிறகு வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு
கர்ச்சீப்பை மடித்தார்,
நான்கு மடிப்பு, ஓரம் பிசகாமல்.
அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கே தோன்றியது,
இந்தக் குணம் வந்தால்தான் என்ன.

மூன்றாம் நாள் சங்கவி வந்தாள்
தையலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு.
மறுகையில் ஒரு மில்லி சிரிஞ்ச்.
எழும்பூர் ரயில்கள் ஊதுவதைக் கேட்டபடி
ராத்திரி முழுக்கப் பிழிந்தது
அடியில் ஒட்டிய அந்த மஞ்சள்தான்.
"எடுத்துனு வரவே வெக்கமா இருந்துச்சு சிஸ்டர்."

போதும், இது அதிகம் என்றேன்.
பாயிண்ட் ஒன்.
பாதி இந்தக் கன்னத்தின் உள்ளே, பாதி அந்தக் கன்னத்தில்.
விழுங்க அல்ல, தடவ.
மூன்று மணிக்கு ஒருதரம், நாளைக்கு எட்டு.
"அப்போ இதான சேனை?"
எங்கள் பாடத்தில் இதற்கு வேறு பெயர்.
அது நாக்கு நுனி வரை வந்தது,
மாஸ்க்குக்குள்ளேயே நிறுத்திக்கொண்டு
ஆமாம் என்றேன்.
"அப்போ நீங்களே வைங்க. உங்க குணம் வரட்டும்."

முழங்கை வரை கழுவினேன்.
வளையலை வேலைக்குச் சேர்ந்த அன்றே விட்டேன்,
மோதிரத்தைக் கொரோனாவில்.
கழற்ற இனி ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.
என் குணமா?
அறுநூறு ரூபாய்க்காகத் தங்கையோடு
நான்கு வருடம் பேசாதவள்.
29சி-யில் ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்குவதுபோல் நடிப்பவள்.
மாசக் கடைசியில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறவள்.
பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவள்.
வேண்டுமானால் அதை மட்டும் எடுத்துக்கொள், குட்டி.

"கிளவுஸ் போட்டா குணம் போய்ச் சேருமா?"
குணம் சேரும், கிருமிதான் சேராது என்று சொல்லிவிட்டேன்.
எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில்.
பல் துலக்கும் பிரஷ் அளவு வாய்
ஒருமுறை சப்புக்கொட்டியது.

மதியம் ஜெசிந்தா வைத்தாள்,
சுதி தப்பிப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவள்.
இரவு கௌசல்யா,
ஓமன் பரீட்சைக்கு மருந்துப் பெயர் முணுமுணுத்தபடி.
ஆள் இல்லாத ஒரு விடியலில்
நின்றுகொண்டே தூங்கும் பி.ஜி. டாக்டர்.
பிள்ளை என்னவாக வளருமோ, எங்களைக் கேட்காதீர்கள்.

கன்னத்தில் மை கூடாது என்றோம்.
அப்பாக்காரன் இன்குபேட்டர் மூடியின் வெளிப்பக்கம்
ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனான்.
மார்க்கர் எங்கள் டேபிளுடையது.
துடைக்க வரும் கோட்டீஸ்வரி
அதைச் சுற்றித் துடைப்பாள், தெருவில் கோலத்தைத் தாண்டுவதுபோல்.
செவ்வாய்க்கிழமை ஆடிட்.
அன்றைக்கு மட்டும் பொட்டு இருக்காது.
புதன் காலை இருக்கும்.
யார் வைத்தது என்று நானும் கேட்பதில்லை.

தணிகாசலம் தினமும் வந்தார், ஷிப்ட் முடிந்து.
சங்கு கொண்டுவரவில்லை.
வெளியே குழாயடியில், சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்துப் பார்த்து
உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு,
கட்டைவிரல், நகக்கண்.
ஒரு படிகூட விடவில்லை.
"உள்ளதான் விடமாட்டமே சார், எதுக்குக் கழுவறீங்க?"
"இருக்கட்டும் சிஸ்டர்."
ஈரக் கைகளை எதிலும் படாமல் உயரப் பிடித்து
கண்ணாடிக்கு வெளியே நின்றார்.
மணி மூன்று.
சிரிஞ்சை எடுத்தேன்.