முதல் ஞாயிறு, ஒப்பிச்சீனா

சாவியைப் பிடி, துல்லியோ.
ஒற்றைப்படை மாதம் உனக்கு, இரட்டைப்படை எனக்கு.
ஸ்பைடரை நடுவே அறுக்க முடியாதே என்று
திரியெஸ்தே நீதிமன்றத்தில் நீதிபதிகூடச் சிரித்தார்.

முதலில் எஞ்சினை அணை.
கைபிரேக்கை இழு. இன்னும் ஒரு பல்.
ஓடும்போதே கூரையை மடக்கிக் காட்டுகிறேன் என்று
மோன்ஃபால்கோனே சாலையில் நீ செய்த வித்தைக்கு
இதோ இந்தக் கம்பியின் வளைவு சாட்சி.

துணியைத் தொட்டுப் பார்.
உள்ளங்கையால் அல்ல,
ஈரம் புறங்கைக்குத்தான் முதலில் தெரியும்.
நனைந்ததை மடக்கினால்
மூன்றாம் நாள் பூஞ்சை,
நான்காம் நாள் என் தொலைபேசி.

இன்று பதினேழு டிகிரி. போதும்.
பின் ஜன்னல் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக்;
குளிரில் அது அப்பளம்.

கொக்கி இரண்டையும் சேர்த்து விடு.
ஒன்றை விட்டு மற்றதை மறந்தால்
சட்டம் முறுக்கிக்கொள்ளும்.
(நம்மில் யார் எதை மறந்தோம் என்று நான் கேட்கவில்லை.)

நடுவில் பிடி, இரண்டு கையாலும்.
மேலே, பின்னே, மெதுவாக.
கத்தரிபோல் மடியும் அந்த மூட்டுக்குள்
விரல் வைக்காதே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.
உன் இடது மோதிரவிரல் நகம்
இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.
அன்று மருத்துவமனைக்கு நான் ஓட்டினேன்,
கூரை பாதியில் நிற்க,
போரா காற்று அதைப் பாயாக்கிக்கொண்டு
நம்மைக் கடலுக்குத் தூக்கிப்போகப் பார்த்தது.
நீ கைக்குட்டைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாய்.

கம்பிகளுக்கிடையே துணி பிதுங்கினால்
வெளியே இழுத்துவிடு.
ஜன்னல் மடிகிற இடத்தில் இந்தத் துண்டை வை.
ஆமாம், உன் துண்டுதான்.
கிராதோ கடற்கரையில் தொலைந்ததாகச் சொன்னேனே, அதுதான்.

இப்போது கீறலைப் பார்க்கிறாய்.
இடது மூலையிலிருந்து ஒன்றரைச் சாண் ஓடி
ஒட்டுப்பட்டைக்குள் மறைந்து
மறுபக்கம் தலைகாட்டும் கீறல்,
நம் சுண்ணாம்பு மலைக்கடியில் ஓடும் திமாவோ ஆறு மாதிரி.
ஜனவரியில் நீ செய்த வேலை என்று
உன் அக்காவிடம் சொன்னேன்,
மெக்கானிக் ஸ்டெலியோவிடம் சொன்னேன்.
மார்ச்சில் உன்னிடமே சொன்னேன்.
நீ மறுக்கவில்லை.
ஏதோ ஓர் இரவு, ஏதோ ஓர் அவசரம் என்று
நீயும் நம்பியிருப்பாய்.
உன்மேல் உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை;
அதைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அது பிப்ரவரி.
நாலு டிகிரி, வெயில் மட்டும் பளிச்சென்று.
வண்டி என்னிடம் வந்த மறுநாள்.
இருக்கையில் உன் புகையிலை வாசனை.
காற்று வேண்டியிருந்தது, உடனே.
புறங்கை வைக்கவில்லை, துண்டு வைக்கவில்லை.
சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை,
முட்டை ஓடு உடைகிற அளவுதான்.

நீ பேசவில்லை.
மடித்த கூரைமேல் உறையை விரித்து
பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறாய்.
ஏழாவது சரியாகப் பிடிக்காது,
கீழிருந்து ஒரு விரல் முட்டுக்கொடுக்க வேண்டும்.
கொடுக்கிறேன்.
டக்.

மழை வந்தால் ஓரங்கட்டி நிறுத்தியபிறகே தூக்கு.
முன்விளிம்பு சட்டத்தில் உட்காரும்வரை
கையை எடுக்காதே.
ஒற்றை ஆளால் முடியும்,
நான் ஆறு இரட்டைப்படை மாதங்களாகச் செய்கிறேன்.

"ஜன்னலை ஜூனில் மாற்றிவிடலாம்,
பாதிப் பணம் தருகிறேன்" என்கிறாய்.
எந்தப் பாதி என்று கேட்பதற்குள்
கிளம்பிவிட்டாய்,
துண்டின் ஒரு முனை
உறைக்கு வெளியே படபடக்க.