தக்கையின் பக்கவாட்டில்

கடல் திரும்பிப் போன பதினோராம் நாள்
நிலாவெளி ஹோட்டலின் களஞ்சிய அறையை
மண்வெட்டியால் திறந்தோம்.
கதவு இல்லை. கதவிருந்த இடத்தில்
யாரோ ஒருவருடைய வள்ளத்தின் அணியம்,
நீலப் பெயின்ற் உரிந்து.

உள்ளே இடுப்பளவு மணல்.
தோண்டத் தோண்ட நூற்றிப் பதினான்கு
வைன் போத்தல்கள். மிச்சம் கடலோடு.
ஒன்றிலும் கீறல் இல்லை.
ஒன்றிலும் பெயர் இல்லை.

நான் கிண்ணியாக்காரன்.
ஒன்பது வருஷமாய் இந்தச் சாவி என் இடுப்பில்.
ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை,
படவும் விடமாட்டேன்.
ஆனால் அந்தக் குடும்பங்களை எனக்குத் தெரியும்.
பெட்டிக்குள் இறக்குமதிக்காரர் வைத்தனுப்பும்
சின்னப் புத்தகங்களை
கரண்ட் இல்லாத இரவுகளில்
எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன்.

பர்கண்டியில் ஓப்ரெத்தோன் வீட்டார். எட்டுத் தலைமுறை.
வேர் தின்னும் பூச்சி வந்த காலத்தில்
கொடியையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டு
கடல் தாண்டி வந்த வேரில்
ஒட்டுக்கட்டினாளாம் அந்த வீட்டு மருமகள்.
லேபலில் இருந்தது அவளுடைய கையெழுத்து.
கடைசி எழுத்துக்கு ஒரு வால்,
இறால் மீசை மாதிரி.

மோசல் ஆற்றின் செங்குத்துச் சரிவில் ஸ்ட்ராஸ்னர்.
இடுப்பில் கயிறு கட்டி இறங்கித்தான் பழம் பறிப்பு.
அண்ணனும் தம்பியும் வழக்காடி
நடுவில் மதில் எழுப்பி,
ஒரே சரிவின் பழத்துக்கு இரண்டு லேபல்.
படித்தபோது தனியாகச் சிரித்தேன்.
எங்கள் வாப்பாவின் வயலிலும்
அப்படியொரு வரம்பு கிடக்கிறது.

காப்புறுதிக்காரர் கொழும்பிலிருந்து வந்தார்,
சப்பாத்தில் சேறு படாமல் கல்லுக்குக் கல் தாவி.
"பெயரைச் சொல்லும், விலையைச் சொல்கிறேன்" என்றார்.

மேசை இல்லை. வள்ளத்தின் மேல் அடுக்கினேன்.
தோள் நிமிர்ந்தவை போர்டோ.
தோள் சரிந்தவை பர்கண்டி.
ஒல்லியாய், பச்சையாய், நெடுநெடுவென்று மோசல்.
அதற்கு மேல் கண்ணாடி ஒன்றும் சொல்லாது.

தோளைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து,
இவரா, இல்லையா என்று
மூன்றாம் நாளும் நின்றிருந்தேன்,
திருகோணமலை ஆஸ்பத்திரியின் பின்வாசலில்,
சமையல்கட்டுச் சாந்தரூபனின் மனைவிக்குத் துணையாக.
முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
கொலரைத் திருப்பிப் பார்த்தோம்.
ஹோட்டல் சலவைக்கு நான்தான்
அழியாத மையில் எழுதிக் கொடுத்த இலக்கம்:
பதினேழு.

"தக்கையில் இருக்கும் ஐயா" என்றேன்.
"பக்கவாட்டில் சுட்டிருப்பார்கள்,
குடும்பப் பெயரும் வருஷமும்."
"அப்ப திறவும்."
"திறந்தால் அந்தப் போத்தல் முடிந்தது."
"ஒன்றைத் திறவும்."

தோள் சரிந்ததில் ஒன்று.
திருகாணி துருப்பிடித்துப்போய்
பாதித் தக்கை கழுத்திலேயே நின்றுவிட்டது.
கையில் வந்த பாதியில்
"…த்தோன்", பக்கத்தில் தொண்ணூற்றாறு.

அவர் தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றி
ஒரு மிடறு குடித்தார்.
கடலைப் பார்த்தார். இன்னொரு மிடறு.
"உப்பு இறங்கவில்லை" என்றார்
கோபம் வந்தவர் போல.
பிறகு படிவத்தில் எழுதினார்:
அடையாளம் காணப்பட்டது ஒன்று.
மற்றவை நூற்றிப் பதின்மூன்று, பெறுமதி இல்லை.

புதுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில்
எனக்குத் தெரிந்த மட்டில் எழுதினேன்:
ஸ்ட்ராஸ்னர், அண்ணனோ தம்பியோ, ஒன்பது.
ஓப்ரெத்தோனாக இருக்கலாம், பதினான்கு.
பென்சிலால்தான்.

பஸ் ஓடவில்லை. நடந்தும், துறையில் தோணி ஏறியும்
வீடு சேர இருட்டிவிட்டது.
சேர்ட் பையில் அரைத் தக்கை.
கழற்றிப் போட்ட சேர்ட்டை
மனைவி எடுத்து முகர்ந்து பார்த்தாள்.
தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
அந்த மாதம் யாரும் யாரிடமும்
எதுவும் கேட்கவில்லை.