பின்விளக்கு பல்பு

டுலூத்தில் பிப்ரவரி.
வாசலில் நிற்கும் ப்யூக்கின் பூட்டுக்குள்
சாவி நுழைய லைட்டர் காட்ட வேண்டும்.
நிலவறையில் ஓடும் கார்களுக்கு அந்தத் தொல்லையில்லை.
உள்ளங்கை நீளம்.
பள்ளத்தில் ஆணியைச் செருகி விட்டால்
விசையை அழுத்த அழுத்தப் பறக்கும்.

நாலு மாதமாய் மாட்டிய தடம்.
துணி துவைக்கும் மெஷினைச் சுற்றி,
வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் புகுந்து,
நெல்ஸ் இரவல் தந்த பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியே
வெளிவருகையில் எழுபதடி.
எல்லாம் சரி,
தொட்டிக்குப் பின்னால் மட்டும்
நீலக் கார் நொண்டியது,
விருந்து முடித்து மாடிப்படி ஏறுகிறவன் போல.

மோட்டார் போச்சு என்றேன்.
அய்லி குனிந்து பார்த்துச் சொன்னாள்:
மோட்டாருக்கு ஒன்றுமில்லை. பசி.

அய்லி என் தங்கை.
டூசானிலிருந்து இரண்டு சூட்கேஸோடு வந்தாள்.
எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.
சோபாவை விரித்தால் அவள் கட்டில்.
கட்டிலின் கால்மாட்டில் மூன்றாம் வளைவு.

மல்டிமீட்டரை எடுத்துத் தவழ்ந்தாள்.
சும்மா அளந்தால் எங்கேயும் பதினாலுதான் காட்டும், ரெய்னோ.
காரைக் கையால் பிடித்துக்கொண்டு
விசையை அழுத்து.
சுமை ஏறட்டும், அப்போது சொல்கிறேன்.

பதினாலு.
பதிமூன்று புள்ளி இரண்டு.
பன்னிரண்டு.
தொட்டிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்:
ஒன்பது.
பிறகு கொஞ்ச நேரம்
ஒன்றும் சொல்லவில்லை.
மூட்டுக்கு மூட்டு சில்லறை பிடுங்கிக்கொள்கிறது என்றாள்,
தூசியைத் தட்டிக்கொண்டே.

நேரே வயர் இழுத்து நடுவழியில் ஊட்ட வேண்டும்.
வயருக்குக் கடைக்குப் போகக் கிளம்பினேன்.
இரண்டாவது சூட்கேஸைத் திறந்தாள்.
ஸ்வெட்டருக்கு அடியில்
சுருள் சுருளாய் ஸ்பீக்கர் வயர்.
ஸ்பீக்கர் அவனுடையது, விட்டுவிட்டேன்.
வயர் நான் வாங்கியது.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
வந்து பதினோரு நாளில் முதல் சிரிப்பு.

பல்லால் தோலுரித்தோம்,
செம்பு நாக்கில் கரித்தது.
ஈயம் உருகும் புகையில் கண் எரிந்தது.
மூன்று எண்ணுவதற்குள் கம்பியை எடுக்கணும்,
நாலாவதற்குத் தடமே உருகும்.
வெள்ளிக் கோடு போட்ட வயர் இடது தண்டவாளத்துக்கு:
இந்த ஒரு விதியைத்தான் நான் வைத்தேன்.
மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தவனுக்கு
எது இடது?

டப்.
ஃப்யூஸ் போயிற்று.
மாற்றிப் போட்டேன், டப்.
மூன்றாவதும் போனபோது ஞாயிறு மாலை நாலரை,
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு,
கடை பூட்டியிருக்கும்.

அய்லி கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.
திரும்பி வந்தபோது இமையில் பனி,
கையுறைக்குள்
ப்யூக்கின் பின்விளக்கு பல்பு.
ஃப்யூஸ் இருந்த இடத்தில் அதை வரிசையில் கோர்த்தாள்.
பளீரென்று எரிந்தது.
நான் கை தட்டினேன்.
தட்டாதே, எரிந்தால் தப்பு என்றாள்.
இது அணைகிற வரைக்கும்
ஒவ்வொரு வயராய்க் கழற்று.

நாலாவது முடிச்சைக் கழற்றினேன்.
பல்பு அணைந்தது.
புரட்டிப் பற்றவைத்தேன்.
அணைந்தே இருந்தது.
ஓர் இருட்டுக்காக நான் இவ்வளவு
சந்தோஷப்பட்டதில்லை.

நீலக் கார் தொட்டிக்குப் பின்னால் போனது.
சத்தம் கொஞ்சமும் இறங்காமல் வெளிவந்தது.
இருவரும் எதுவும் பேசவில்லை.
இன்னொரு சுற்று என்றாள்.
இன்னொன்று.

நாளை காலை ஷிப்ட் என்று மேலே வந்து படுத்தேன்.
இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
தரைக்கு அடியில் அந்தச் சின்ன இரைச்சல்
சுற்றிக்கொண்டே இருந்தது.
எழுந்து போய்
நிலவறைக் கதவின் இடுக்கைப் பார்த்தேன்.
இருட்டு.
சரி என்று திரும்பும்போது
ஒரு வெளிச்சக் கீற்று,
மூன்றாம் வளைவில் கார் கவிழ்ந்து
தண்டவாளத்தின் குறுக்கே விழுந்திருக்கும்.
கைப்பிடியில் கை வைத்து நின்றேன்.

ஒன்று. இரண்டு.
அணைந்தது.
மறுபடி இரைச்சல்.