பதினொன்றாம் எண் கயிறு

பணகுடிக்குத் தெற்கே காற்றாலைக் கம்பெனியின்
தகரக் கொட்டகையில்
கயிறுகளுக்கு நான்தான் ஆஸ்பத்திரி.

ஆனி ஆடி முழுக்கச் சுழன்ற இறக்கைகளில்
மணல் கிழித்த கீறலைப் பூச
தை பிறந்ததும் ஆள் தொங்குவார்கள்.
எண்பது மீட்டர் உயரத்தில்
அவர்களைப் பிடித்திருப்பது
சுண்டுவிரல் பருமனில் பாலியஸ்டர்.

சேலைக்கு வருகிற அதே நூல்தான்.
உடுத்தினால் தோளில் நிற்காமல் வழுக்கும்.
பின்னிக் கயிறாக்கினால்
இரண்டு டன்னுக்கு மேல் தாங்கி
வாய் திறக்காது.

நைலானில் ஏறி உட்கார்ந்தால்
முதலில் அது கொஞ்சம் யோசிக்கும்,
இறங்கும், ஏறும், தொட்டில் ஆட்டும்.
கீறலுக்கு நேராக நீட்டிய பிரஷ்
ஒரு முழம் தள்ளிப் பூசும்.
இதுவோ வைத்த இடத்தில் வைத்தபடி.
மழையில் ஊறினாலும் பலம் அவ்வளவாகக் குறையாது.

நல்ல குணம்தான்.
அதுவேதான் கெட்ட குணமும்.
நீளாத கயிறு
விழுகிறவனை ஏந்திக்கொள்ளாது.
விழுந்த வேகம் முழுவதையும்
அப்படியே முதுகெலும்பில் திருப்பிக் கொடுக்கும்.
தொய்ய விடாதே என்று
கொட்டகைச் சுவரில் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.
அதன் மேல்தான் எல்லோரும் சட்டையை மாட்டுகிறார்கள்.

சிவனணைந்த பெருமாளின் கயிற்றுப் பைக்குள்
ஒரு தடவை சுண்ணாம்பு டப்பா இருந்தது.
மூடி திறந்து.
"வெத்தலைக்குத்தானக்கா" என்றான்.
காரம் பட்டால் இந்த நூல் உள்ளுக்குள் உளுக்கும் என்றதற்கு
"எம் பல்லு உளுக்கலியே" என்றான்.
அந்த ஆறாம் எண் கயிறு அன்றோடு சரி.

போன திங்கட்கிழமை பதினொன்று வந்தது.
நான் கண்ணால் பார்ப்பது பிறகுதான்.
முதலில் கண்ணை மூடி விரலிடுக்கில் ஓட விடுவேன்,
ஒவ்வொரு சாணாக.
நாற்பத்தியிரண்டாம் மீட்டரில் விரல் நின்றது.
மேலுறையில் ஒரு இழை பிசிறவில்லை.
வளைத்தேன்.
வட்டமாக வளையவேண்டிய இடம்
காகிதம் மாதிரி மடிந்தது.
சட்டை கிழியாமல்
உள்ளே எலும்பு முறிந்திருந்தது.

நோட்டில் சனிக்கிழமைக்கு நேரே
'உபயோகம் இல்லை' என்றிருக்கிறது.
பின்னலுக்குள் செம்மண்.
எண்பது மீட்டர் உயரத்தில் ஏது செம்மண்?

டிரைவர் ராயப்பன் கூரையைப் பார்த்தார்.
பெருமாள் தரையைப் பார்த்தான்.
கடைசியில் அவன்தான்:
"ஜீப்பு குளத்தங்கரையில பதிஞ்சிட்டுக்கா.
ரெண்டே ரெண்டு வெட்டுதான் இழுத்தோம்.
ஒரு சத்தங்கூட கேக்கல."

கேட்காது.
செவ்வாய்க்கிழமை அதில் தொங்கப் போகிறவன் யாரென்று
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
தன் பெயரைத் தானே
எழுத்துக் கூட்டி வாசித்தான்.

நாகர்கோவிலிலிருந்து மேனேஜர் போனில்:
அந்த ஒரு இடத்தை வெட்டிவிட்டு
மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமே?
ஸார், ஜீப் இழுத்தது ஒரு இடத்தையா
கயிற்றையா?
விலையைச் சொன்னார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
லைனில் காற்றுதான் இரைந்தது.

கத்தியை ஸ்டவ்வில் காய்ச்சினேன்.
உருகும்போது பிளாஸ்டிக் நாற்றமும்
ஏதோ கொஞ்சம் இனிப்பும்.
இறங்கும்போது வேகம் கூட்டினால்
கொக்கியின் சூட்டிலேயே இது இப்படித்தான் இளகும்
என்று யாரிடமும் சொல்லவில்லை.
எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஒவ்வொரு துண்டும் ஒன்றரைப் பாகம்.
அதற்கு மேல் விட்டால்
யாராவது கிணற்றில் இறங்குவான்.
வாளிக்கு ஆகும், மூட்டைக்கு ஆகும்,
ஆளுக்கு ஆகாத நீளமாய் வெட்டி வைத்தேன்.
நோட்டில் பதினொன்றின் குறுக்கே சிவப்புக் கோடு.
அதன் கீழே கேட்காமலே கையெழுத்துப் போட்டான் பெருமாள்.

புதுக்கயிறு வர நாலு நாள் ஆகுமாம்.
கீறலோடு நிற்கிறது இறக்கை.
காற்றும் இல்லை.

இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போனவன்
இன்று காலை வந்து சொன்னான்.
வீட்டுக் கன்றுக்குட்டியை அதில் கட்டியிருக்கிறானாம்.
பால் கறக்கிற நேரமெல்லாம்
தாயைப் பார்த்து நின்ற இடத்தில் குதித்து
இழுத்து இழுத்துப் பார்க்கிறதாம்.
"ஒரு விரக்கடை நீளணுமேக்கா...
ஊஹூம்."