மஞ்சள் கிளிப்

வாடகை ஒப்பந்தம், பதினான்காம் விதி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
ஆகவே முருகர்
ரைஸ் குக்கர் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறார்.
சோறு வேகும்போதெல்லாம்
அவருக்கு வியர்க்கிறது.

செங்காங், பன்னிரண்டாம் மாடி.
நான்தான் கூட்டிவந்தேன்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
வீட்டில் யாரும் இதுவரை சொல்லிக்காட்டவில்லை என்பதால்.

சுகந்தி ஈரோட்டில்
ஒன்பது வருடம் இயற்பியல் எடுத்தவள்.
நாற்பது பிள்ளைகளை
ஒரு சாக்பீஸ் துண்டால் அடக்கியவள்.
இங்கே அவள் அட்டையில்
என்னைச் சார்ந்திருப்பவள் என்று போட்டிருக்கிறது.
அட்டை வந்த அன்று
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

கவின் பள்ளிக்குப் போன மூன்றாம் வாரம்
கெவின் ஆகிவிட்டான்.
திருத்தவில்லையா என்றேன்.
"பரவால்லப்பா, அவங்களுக்கு அதுதான் வருது."
ஏழு வயதில் எங்கே கற்றான்
இப்படி விட்டுக்கொடுக்க?
நான் சொல்லிக் கொடுத்ததில்லை.
பார்த்திருப்பான்.

"நீங்க ஊரா?" என்றார்
டாக்சி ஓட்டிய தமிழர், மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்.
"எந்த ஊர்?"
"அதான், ஊரு."
ஈரோட்டில் இருந்தவரை யாரும் என்னை
ஊர்க்காரன் என்று சொன்னதில்லை.
பவானிக்காரன்,
மின்வாரியத்துக்காரர் மகன்,
பழைய பஜாஜ் வைத்திருக்கிறவன்.
ஊரைவிட்டு வந்ததும்
மொத்த ஊரும் நானாகிவிட்டேன்.

ரயிலில் ஒரு பெண்குரல்
கருணை கூர்ந்து
இடைவெளியை மனத்தில் கொள்ளச் சொல்கிறது.
கொள்கிறேன் அம்மா.
காலை ஏழு நாற்பதிலிருந்து
வேறெதையும் கொள்வதில்லை.

எங்கள் வட்டார எல்ஆர்டி
சுற்றிச் சுற்றி
ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும்.
ஒரு மத்தியானம் மூன்று சுற்றுச் சுற்றியதை
ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள் சுகந்தி.
"பாதை பத்து கிலோமீட்டர் இருக்கும்.
இடப்பெயர்ச்சி பூஜ்யம்"
என்றாள், வகுப்பறைக் குரலில்.

இங்கே துணி காயப்போடுவதென்றால்
மூங்கில் கழியில் கோத்து
ஜன்னலுக்கு வெளியே
ஆகாயத்தில் நீட்ட வேண்டும்.
முதல் தடவை நான் நீட்டியபோது
பின்னால் நின்று
என் பனியனைப் பிடித்துக்கொண்டாள்.

போன செவ்வாய், நாலு மணி மழை
காற்றோடு வந்தது.
கவினின் பள்ளிக் கால்சட்டை போய்விட்டது.
இருந்ததே இரண்டு.
புல்லில் இல்லை. சாக்கடையில் இல்லை.
சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் இல்லை.
ஒவ்வொரு மாடியாக ஏறி
கதவு தட்டி
என் மகனின் கால்சட்டை என்று
எந்த மொழியில் தொடங்குவது?
ஆறாம் மாடிவரை போனேன்.
திரும்பிவிட்டேன்.

அன்று ராத்திரிதான் முதல்முறையாக அழுதாள்.
கால்சட்டைக்காகத்தான் என்றாள்.
நானும்
கால்சட்டைக்காகத்தான் என்று
வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை
எங்கள் மாடி லிஃப்ட் வாசல் கைப்பிடியில்
துவைத்து, தேய்த்து, மடிப்புக் கலையாமல்
தொங்கியது அது,
காற்றுக்குப் பறக்காதபடி
ஒரு மஞ்சள் கிளிப் போட்டு.

எங்களுடையவை எல்லாம் நீலம்.

பன்னிரண்டாம் மாடி என்று எப்படித் தெரிந்தது?
நாங்கள் நீட்டுவதை
யாரோ தினமும் பார்த்திருக்கிறார்கள்.
பக்கத்து வீட்டம்மாவிடம் கிளிப்பைக் காட்டினோம்;
தலையாட்டினார்,
ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.
லிஃப்டில் ஏறுகிறவர்களை
இப்போது கொஞ்சம் அதிகநேரம் பார்க்கிறேன்.
அவர்கள் போனைப் பார்க்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்க ஆள் தெரியாமல்
பிரித்த துவரம்பருப்பு பாக்கெட்டில்
மாட்டி வைத்திருக்கிறாள் சுகந்தி.
யாரோடது என்று கவின் கேட்டால்
"நம்ம கீழ்வீட்டுக்காரங்களோடது" என்கிறாள்,
பதினோரு மாடிகளில்
எந்தக் கீழ்வீடு என்று தெரியாமலே.