உப்புக் கணக்கு

காலை ஆறரைக்கு உத்தரவு வந்தது.
நியூ ஆர்லியன்ஸ் அளவுகோலில் தண்ணீர் பதினேழு அடியை நெருங்குகிறது.
அதற்குமேல் ஓரங்குலமும் கூடாதென்று
யாரோ என்றைக்கோ கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள்.
மிசிசிப்பி அதைப் படித்ததில்லை.

என் வேலை எளிது.
அணைமேல் தண்டவாளம், தண்டவாளத்தில் கிரேன்,
கிரேனுக்குள் நான்.
கீழே வரிசையாய்ச் செருகிய மரக்கட்டைகள்;
ஊசி என்போம். மதகுக்கு இருபது.
கொக்கியை இறக்கு, கழுத்தைப் பிடி, தூக்கு.
பல் பிடுங்கியதுபோல் ஒரு சத்தம்.
அந்தச் சந்தில் ஆறு பாயும்,
அயோவாவின் சோளக்காட்டு மண்ணோடு
ஒஹையோவின் உருகிய பனியோடு
யாருடையதோ ஒற்றைச் செருப்போடு.

கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
ஒவ்வொரு கட்டைக்கும் கைதட்டுகிறார்கள்.
"ஊர் தப்பிக்கும்" என்கிறார் கர்னல், மைக்கில்.
தப்பிக்கும். சந்தேகமில்லை.
என் மகள் அங்கேதான் இருக்கிறாள்,
கடல்மட்டத்துக்கு நாலடி கீழே,
குழந்தையோடு.

அந்தப் பக்கம், எதிர்க்கரையை ஒட்டி,
சோயா ஏற்றிய பதினைந்து தோணிகளைத்
தள்ளிக்கொண்டு போகிறது ஒரு படகு,
நாங்கள் திறந்த வாய்க்குள் இழுபட்டுவிடாமல்
மெல்ல, மிக மெல்ல.

பதினாறாவது மதகில் கைப்பேசி அதிர்ந்தது.
வ்லாஹோ. மனைவியின் தம்பி.
இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் கழிமுகத்தில்
சிப்பிப் பாத்தி வைத்திருக்கிறான்.
எடுக்கவில்லை.
சிப்பிக்கு உப்பு வேண்டும்.
போனமுறை நன்னீர் குடித்தே செத்தன அவை.
படகு நிறைய அள்ளிவந்து கொட்டினான்:
எல்லாம் வாய்பிளந்த ஓடுகள்.

படிவம் கொடுத்தார்கள்.
'இழப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
'ஆறு' என்று எழுதி, அடித்து,
'அரசாங்கம்' என்று எழுதி, அதையும் அடித்து,
பேனாவோடு என்னை ஒருதரம் பார்த்தான்.
பிறகு எங்கள் சமையலறை மேசையிலேயே விட்டுப்போனான்.
இன்னும் அங்கேதான் கிடக்கிறது,
சர்க்கரை டப்பாவுக்கு அடியில்.

பொழுது சாய்வதற்குள் இருபத்தெட்டு மதகு.
ஐந்நூற்று அறுபது ஊசி.
பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.
கையில் கிரீஸ் வழுக்க
எண்ணை மட்டும் அவனுக்கு அனுப்பினேன்.
வேறென்ன எழுதுவது?

கொஞ்ச நேரம் கழித்துப் பதில்:
'தெற்குக் காற்று கிளம்பினால்
கடல் உள்ளே வரும், அல்சீட்.
பத்து நாள் தாங்கும்.'

கர்னலின் வண்டி முகப்பில் கொடி இருந்தது.
எட்டிப் பார்த்தேன்.
கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு
தொங்கியது.