முறிப்பு

எங்கள் ஊர்ப் பேரின் வாலில் ஒரு முறிப்பு இருக்கிறது.
எது முறிந்தது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.
குளக்கட்டு என்கிறார் கிளாக்கர்.
இந்த ஆடியில் நாங்கள் முறிப்பது
நெருப்பின் வழியை.

பதினேழு பேர். ஞாயிறு காலை ஐந்தரை.
ஏழு மண்வெட்டி, நாலு காட்டுக்கத்தி,
வயலுக்கு மருந்தடிக்கும் தாங்கி மூன்று
(கழுவினோம், நெடி போகவில்லை),
நகுலேந்திரனின் லான்ட்மாஸ்டர், டீசல் கடனுக்கு.
நான் கொப்பியில் எழுதுகிறேன்:
யார் வீட்டில் நடக்க ஏலாதவர்,
யார் வீட்டில் காஸ் சிலிண்டர்,
யார் இரவில் போன் எடுப்பதில்லை.

போன வருசம் சோளகம் சுழன்ற மத்தியானம்
இலுக்குப் புல் பற்றி, பாலை பற்றி,
செபமாலையின் வைக்கோற் பட்டடை பற்றி
ஒட்டுசுட்டானிலிருந்து பவுசர் வந்து சேர்ந்தபோது
சாம்பல் ஆறியிருந்தது.
சாரதி இறங்கி
எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் திறந்துவிட்டார்.

கோடு இழுப்பவள் இன்பராணி.
எட்டு வருசம் கண்ணிவெடி அகற்றியவள்.
அப்போது முழங்காலில் நின்று
ஒரு பகலுக்கு ஒரு பாய் அளவு நிலம்.
இப்போது பதினைந்து அடி அகலம்,
புல்லை வழித்து, வேரைக் கிண்டி,
மண் வெறுமையாய்த் தெரியும்வரை.
"ஓடலாம், ஓடி வாங்கோ" என்கிறாள்,
தானே முதலில் ஓடிக் காட்டுகிறாள்.
அவள் ஓடி நான் கண்டதில்லை.

வடக்கு மூலையில் மட்டும் கோடு வளைகிறது.
அங்கே சிவப்புத் தகரம், மண்டையோடு.
நேரே போனால் அரைநாள் மிச்சம் என்றான் ஒருவன்.
அவள் பதில் சொல்லவில்லை.
குந்தியிருந்து
சுள்ளியால் மண்ணில் வளைவைக் கீறினாள்.

புல்லுக்கு நெருப்பு வைக்கிறவர் யாரென்று
எல்லோருக்கும் தெரியும்.
பஞ்சலிங்கத்தின் மாடுகளுக்குத் தளிர் வேண்டும்.
பேர் சொல்லாமல் திட்டித் தீர்த்த நாலாம் ஞாயிறு
அவரே வந்தார், கையில் பச்சைக் கொப்பு.
"பள்ளத்தில வெட்டுறியள். அது மேட்டால வரும்."
எப்படித் தெரியும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கோட்டை மாற்றினோம்.

ஆவணி பிறந்து பதினோராம் இரவு
வைரவர் கோயில் மணி நிற்காமல் அடித்தது.
மேட்டால்தான் வந்தது.
கொப்பால் அடித்தோம், தாங்கியால் நனைத்தோம்,
வெறும் மண்ணின் ஓரத்தில் அது
குனிந்து, மணந்து பார்த்து, பதிந்தது.

அப்போது வடக்கு மூலையில் வெடித்தது.
பிறகும் ஒன்று.
எல்லோரும் நிலத்தோடு நிலமாய்க் கிடந்தோம்.
பிந்திப் பிறந்த மூன்று பெடியள் மட்டும்
நின்றபடி
எங்களைப் பார்த்தார்கள்.

இன்பராணி எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டினாள்.
"ரெண்டு. கொப்பியில எழுது.
அந்தக் காணியில ரெண்டு குறைஞ்சிட்டுது."

எழுதினேன்.
அதற்குக் கீழே: டீசல் காசு,
இன்னும் கொடுக்கவில்லை.